தேத்தண்ணி குடியாத மனுசி

எங்கள் கூட்டங்களில் அந்த மனுசி ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை. ஒருநாளும் என்றால் ஒருநாளும்தான். கூட்டக் குறிப்பு எழுதுகிற செயலாளர் நான், எனவே என்னைத் தவிர வேறு யாரும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த விடயம் இராது. ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: ‘எல்லோருக்கும் தேநீர் வழங்கப்பட்டது.’ வழங்கியது உண்மை. அவர் இரண்டு கையாலும் வாங்குவார், அதுவும் உண்மை. வாங்கிய கோப்பையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்பார். பிறகு தன் கதிரைக்குப் பக்கத்து யன்னலின் சிமெந்துக் கட்டின் மேல் வைப்பார். நாங்கள் ஊரைத் திருத்தி முடிக்கிறபோது அதில் ஆடை படர்ந்திருக்கும்.

ஏன் குடிக்கிறாரில்லை என்று நாங்கள் ஆராயாமல் இல்லை. படித்தவர்கள் அல்லவா? அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஆராய்ந்தோம். தலைவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், இது பழைய சங்கதி என்றார். எங்கள் கையால் வாங்கிக் குடிக்க அவருக்கு மனமில்லையோ, எங்கள் கோப்பையில் குடித்தால் நாங்கள் என்ன நினைப்போமோ என்று கூசுகிறாரோ, இரண்டில் ஒன்று. எது என்று தெரிய வேண்டுமானால் அவர் இன்ன ஆட்கள் என்று தெரிய வேண்டும். அதை விசாரிப்பது எங்கள் கொள்கைக்கு விரோதம். ஆனபடியால் விசாரித்தோம், மெதுவாக. தெளிவான விடை கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கோப்பை! குடித்ததும் எறிகிற கோப்பையில் யார் குடித்தது என்ற கேள்வியே வராதே. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சமத்துவத்தை இவ்வளவு சுருக்கமாகக் கொண்டுவந்தவன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று வீட்டில் வந்து பெருமை அடித்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு தலைமுறையாகப் படித்த குடும்பம் எங்களது. எங்கள் குசினி அலுமாரியிலும் கோப்பைகள் இரண்டு வேறு தட்டில் இருக்கின்றன. ஏன் இரண்டு என்று நான் கேட்டதில்லை.

பேப்பர் கோப்பையையும் அவர் யன்னல் கட்டில்தான் வைத்தார்.

என் மனைவி வேறு காரணம் சொன்னாள். “சைவச் சனமெல்லோ, விரதமாயிருக்கும்.” கிழமையில் ஏழு நாளும் ஒருத்திக்கு என்ன விரதம் என்று கேட்டேன். ஏழு நாளும் புருசனோடு இருக்கிறவளுக்குத்தான் விரதத்தின் அருமை தெரியும் என்றாள்.

அவருக்கு அப்போது ஐம்பது இருக்கும். சண்டிலிப்பாய்ப் பக்கம். விடிய முதல் பஸ்ஸில் இரண்டு சாக்குக் கீரையோடு எங்கள் பட்டினத்துச் சந்தைக்கு வந்து, பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புகிறவர். பட்டினத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். சந்தையில் அவர் இருக்கும் இடத்தில் நிழல் பத்து மணிக்குப் போய்விடும். கீரைக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கால்மணிக்கு ஒருதரம் கையை அதில் தோய்த்துக் கீரை மேல் தெளிப்பார். தெளித்த ஈரக் கையால் தன் உதட்டை ஒருமுறை துடைப்பார். கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கராம்பு ஒதுக்கி வைத்திருப்பார், வாய் காயாமல் இருக்க. இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவன். வேலி ஒரு சாண் தள்ளிப் போனாலும் கண்டுபிடிப்பேன். ஆனால் நாள் முழுக்கக் கீரைக்குத் தண்ணீர் கொடுக்கிற மனுசி தன் வாய்க்கு ஒரு மிடறும் விடுவதில்லை என்பது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

என்னை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு வகுப்புக்கும் படிப்பித்ததில்லை. மூக்குக்கண்ணாடியும் வழுக்கையும் சேர்ந்து வந்தால் இங்கே ஒருவன் மாஸ்டர்தான். கீரை வாங்கப் போனால் ஒரு பிடி கூடப் போடுவார். “ஊரைத் திருத்திற ஆக்களுக்கு இரும்புச்சத்து வேணும் மாஸ்டர்” என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. பகிடியா இல்லையா என்று நான் வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன்.

எங்கள் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டினத்தைப் பட்டினத்து மக்களே திருத்துவது என்று பதினேழு பேர் கூடினோம். முதல் இரண்டு கூட்டமும் பெயர் வைப்பதில் போனது. ‘மக்கள் இயக்கம்’ என்று ஒருவர் சொன்னார், உடனே எல்லோரும் வாசலைப் பார்த்தோம். இந்த ஊரில் இயக்கம் என்றால் ஆயுதம் தூக்கியவர்கள், அந்தச் சொல்லை வெறுமனே எடுத்து ஒரு வாய்க்கால் திருத்துகிற சங்கத்துக்கு வைக்க முடியாது. ‘அமைப்பு’ என்று வைத்தோம். அது ஒருவருக்கும் ஒன்றையும் ஞாபகப்படுத்தாது. பிறகுதான், பதினேழு பேரும் ஓய்வூதியக்காரர், சந்தையிலிருந்தும் ஒருவர் இருந்தால்தான் மக்கள் என்று சொல்லலாம் என்று ஒருவர் சொல்ல, அந்த மனுசியை நான் போய்க் கூட்டிவந்தேன். சந்தைப் பிரதிநிதி. சந்தை முடிந்து, ஐந்து மணி பஸ்ஸுக்கு முன் வந்து வாசலோடு உள்ள கதிரையில் இருப்பார். ஏதும் சொல்லுங்கள் என்றால், “நீங்கள் கதையுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்பார்.

எதை முதலில் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. ஆளுக்கு ஆள் சொல்ல நான் பெரிய தாளில் எழுதிக்கொண்டு போனேன். வெள்ளவாய்க்கால், குப்பை, தெருநாய், பஸ் தரிப்பிடம், எரியாத தெருவிளக்கு, நாறுகிற சந்தைச் சுவர், பள்ளிக்கூட வாசலில் கடவை. பத்தொன்பது வந்தது. இடையில் நான் மார்க்கர் பேனை எடுக்க வாசல் பக்கம் போனபோது அவர் என் சட்டைக் கையை மெல்லத் தொட்டார்.

“மாஸ்டர், சந்தையிலை பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் எண்டும் எழுதிவிடுங்கோ.”

ஓம் என்றேன். எழுதவும் எழுதினேன். ஆனால் முழுச் சபைக்கும் முன்னால், சார்ட் பேப்பரில், கொட்டை எழுத்தில் அந்தச் சொல்லை எழுத என் கை வரவில்லை. நாலு தலைமுறை மிஷன் படிப்பு கையைப் பிடித்துக்கொண்டது. பதினாலாவதாக, ‘சந்தையில் சுகாதார வசதிகளை மேம்படுத்தல்’ என்று எழுதினேன். வடிவான எழுத்து. அது என்ன என்று ஒருவர் கேட்டார். குப்பைத் தொட்டியாயிருக்கும் என்று தலைவர் சொன்னார். குப்பைதான் இரண்டாவதிலேயே வந்துவிட்டதே என்று இன்னொருவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வாசலில் இருந்து என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதில் ஒன்றைத் தெரிவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு தம்பியைக் கூப்பிட்டுப் பட்டறை வைத்தோம். தொண்டு நிறுவனமொன்றில் இதையே தொழிலாகச் செய்கிறவர். எடுக்கிற விடயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் முடிய வேண்டும், ஒருவரும் எதிர்க்கக் கூடாது என்று மூன்று விதி சொன்னார். சின்ன வெற்றி ஒன்று கையில் இருந்தால் பெரியவற்றுக்குப் போகலாமாம். பிறகு ஆளுக்கு மூன்று பச்சை ஒட்டுப் பொட்டுத் தந்தார். விரும்பிய விடயங்களுக்கு நேரே ஒட்ட வேண்டும்.

அந்த மனுசி எழும்பிப் போய் மூன்று பொட்டையும் பதினாலுக்கு நேரே, ஒன்றோடொன்று முட்ட, ஒட்டிவிட்டு வந்து இருந்தார்.

தம்பி சிரித்துக்கொண்டே, “ஒரு விடயத்துக்கு ஒரு பொட்டுத்தான் அம்மா” என்று இரண்டை உரித்தெடுத்தார். மற்ற இரண்டையும் எங்கே ஒட்டலாம் என்று கேட்டார்.

“எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், தம்பி.”

அப்படி விடக் கூடாதாம், முடிவு பிழைத்துவிடுமாம். தம்பியே அவருக்காக ஒன்றை வெள்ளவாய்க்காலுக்கும் மற்றதைத் தெருநாய்க்கும் ஒட்டினார். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புக் கொஞ்சம் பெரிது, என் வழக்கம் அது.

தலைவரும் ஒன்று சொல்லி வைத்தார். சந்தைக் கிணற்றுக்கு நூறு அடிக்குள் மலக்குழி வெட்ட முடியாது, எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கிணறு நாறிப்போகும், ஆகவே அந்தப் பேச்சு ஆறு மாதத்தில் முடியாது என்றார். அப்படியென்றால் பதினாலு என்னவென்று அவருக்கு விளங்கித்தான் இருந்தது. பொறியியலாளர் சொன்னது பிழையுமில்லை. எங்களுடைய பிழையான முடிவுகளுக்கெல்லாம் இப்படிச் சரியான காரணம் ஒன்று இருக்கும்.

வென்றது சந்தைச் சுவர். என் மூன்று பொட்டில் முதலாவதும் அதற்குத்தான். சந்தையின் பின்மதில், பஸ் நிலையத்துக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம். ஆண்கள் ஒதுங்கி ஒதுங்கி மூக்கைப் பொத்தாமல் போக முடியாத இடம். நானும் ஒதுங்கியவன்தான், பிரசையின் உரிமை. அந்த மதிலுக்கு வெள்ளையடித்துப் படம் கீறினால் நாற்றமும் போகும், பட்டினமும் வடிவாகும். முதலில் சாமிப் படம் என்றார்கள். எந்தச் சாமி என்பதில் நல்லூர்க் கோயிலும் கிறிஸ்தவரின் வேதக்கோயிலும் மோதுகிற மாதிரி வரவே, பனை, மாட்டுவண்டில், நடுவில் பெரிதாக ஒரு சந்தைப் பெண் என்று சமாதானமானோம். கண்ணுக்குத் தெரியும், ஆறு மாதத்தில் முடியும், யார் எதிர்க்கப் போகிறார்கள்?

மதிலின் வரைபடத்தை நான்தான் கீறினேன். மூலையில் பழைய தகரம் நாலு சேர்த்து யாரோ ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள், வாசலில் சாக்குத் தொங்கியது. படத்தில் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன், ‘அகற்ற வேண்டியது’ என்று. கஞ்சா அடிக்கிற பெடியளின் இடம் என்று தலைவர் உறுதியாகச் சொன்னார். சிரமதானத்தன்று காலை எல்லோருமாகச் சேர்ந்து பிரித்தோம். ஒரு தகரத்தை நானே தூக்கினேன். விரல் வெட்டி, ஊசி போட்டு, அந்தக் கட்டோடு இரண்டு கிழமை தியாகி மாதிரித் திரிந்தேன். பத்திரிகையில் படமும் வந்தது. பின்வரிசையில் என் கட்டுப்போட்ட விரல் தெளிவாகத் தெரியும்.

உள்ளே ஒரு வாளியும் ஒரு பால்மாப் பேணியும் ஒரு மூலையில் குவித்த மணலும் இருந்தன. கஞ்சாவுக்கு மணல் எதற்கு என்று நான் பகிடி விட்டேன். வாளியைக் குப்பை அள்ளுகிற உழவு மெசினில் எறியப் போனபோது அந்த மனுசி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சந்தைப் பெண்கள் ஐந்தாறு பேர்.

“அது எங்கடை வாளி மாஸ்டர்” என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

கீரைக்குத் தெளிக்கிற வாளியாக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

மதிலைத் திறந்துவைத்த நாள் பெரிய கொண்டாட்டம். நடுவில் அந்தச் சந்தைப் பெண், பத்தடி உயரம், தலையில் கடகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரு கையில் சீவிய இளநீர். ஆண்கள் மரியாதையோடு முப்பதடி தள்ளி அடுத்த மதிலுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பட்டினம் முழுக்க மதில்தான். பெண்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைக்கும் எல்லோருக்கும் தேநீர் வழங்கப்பட்டது.

அதற்குப் பிறகு நாலைந்து கூட்டத்துக்கு அவர் வந்தார். முகம் வீங்கியிருந்தது. இடுப்பில் கையை ஊன்றித்தான் கதிரையை விட்டு எழும்புவார். பிறகு வரவில்லை. சந்தையில் அவருடைய இடத்தில் வேறு ஒருத்தி வாழைப்பொத்தி வைத்திருந்தாள். கேட்டேன். காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். இரண்டு சிறுநீரகத்திலும் கிருமியாம், ஒன்று இனிச் சரிவராதாம். அந்தப் பெண் இதைச் சொல்லிக்கொண்டே ஈரக் கையால் உதட்டைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைகளை, யன்னல் கட்டை, கராம்பை, வாளியை, மணலை, ஐந்து மணி பஸ்ஸை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். வீடு போய்ச் சேரும்வரை ஒதுங்க இடமில்லாத மனுசி எதைக் குடிப்பார்? படம் கீறுகிறவனுக்கு இது பத்து நிமிட வேலை. எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்திருந்தது.

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும்.

நகரசபைக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். எங்களைக் கேளாமலே சந்தையை அளந்தார். கிணற்றிலிருந்து நூறு அடிக்கு வெளியே உள்ள ஒரே இடம் பின்மதில் மூலைதான் என்று கண்டார். தகரம் நின்ற அதே மூலை. தலைவருக்குத் தெரியாத கணக்கு அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்களுக்கு மூலையிலிருந்து வரிசையாக நாலு மலசலகூடம், வாசல் மதிலின் நடுவால், ஒழுங்கைப் பக்கம். மதிலில் பத்தடி உடைக்க வேண்டும். அந்தப் பத்தடியில்தான் மாட்டுவண்டிலின் முன்பாதியும் சந்தைப் பெண்ணின் இளநீர்க் கையும் இருந்தன. அதிகாரி நாலு கட்டை அடித்து அடையாளமும் போட்டுவிட்டார்.

அவசரக் கூட்டம். எங்கள் முதல் வெற்றியை உடைக்க விடுவதா என்று தலைவர் குரல் நடுங்கக் கேட்டார். கக்கூசை ஒருவரும் எதிர்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தைத்தான் எதிர்த்தார்கள். பெண்களுக்கு அது கட்டாயம் தேவை என்று நான் சொல்ல எழும்பினேன். “கட்டாயம் தேவை” என்று தலைவரே முந்திக்கொண்டு சொன்னார், “வேறை இடத்திலை.” வேறு இடம் இல்லை என்பது தெரிந்தும் நான் இருந்துவிட்டேன். ஆட்சேபக் கடிதத்தை எழுதுவது செயலாளரின் வேலை. எழுதினேன். சந்தைப் பிரதிநிதியின் கையெழுத்தும் இருந்தால் கனதியாயிருக்கும் என்று என்னையே சண்டிலிப்பாய்க்கு அனுப்பினார்கள்.

கடிதத்தைச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனேன். கேற்றடியில் ஒரு மர வாங்கின் மேல் கொஞ்சக் கீரையும் நாலு கத்தரிக்காயும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு பெரிய மூக்குப்பேணி நிறைய. என் முன்னால் இருந்து அதை அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசி மட்டும் குடித்தார். நான் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மாஸ்டர், புதினம் பாக்கிறியள்?”

எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதையும் குறை சொல்கிற மாதிரித்தான் கேட்டேன்.

“சொன்னனான்தானே. பதினேழு ஆம்பிளையளுக்கு முன்னாலை சொல்ல ஏலாமல் உங்களுக்கு மட்டும் சொன்னனான். நீங்கள் அதை வடிவாக்கிப் போட்டியள்.”

தேத்தண்ணியைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம் என்றேன்.

அவர் பேணியைக் கவிழ்த்து வைத்தார். “தேத்தண்ணி வேணுமோ எண்டு எத்தினை தரம் கேட்டியள் மாஸ்டர். ஏன் வேண்டாம் எண்டு ஒருதரம் கேட்டியளோ?”

கோபமாகச் சொல்லவில்லை. கீரை விலை சொல்கிற குரல்தான். பிறகு, சந்தையில் கட்டை அடித்திருக்கிறார்களாம், உண்மையோ என்று கேட்டார். உண்மை என்றேன். “மற்றப் பொம்பிளையளுக்கெண்டாலும் வரட்டும்” என்றார். பொக்கற்றில் கடிதம் முள்ளு மாதிரிக் குத்தியது. எடுக்கவில்லை. இரண்டு பிடி கீரை வாங்கினேன், ஒரு பிடி கூடப் போட்டார். இம்முறை இரும்புச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில், ஆள் வீட்டில் இல்லை என்று சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான். அவருடைய கையெழுத்து இல்லாமலே அனுப்புவோம் என்றார் தலைவர். கடிதம் சுற்றி வந்தது. முதல் இடம் செயலாளருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தேன்.

கடிதம் நன்றாக வேலை செய்தது. கட்டைகளைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் அமைப்பு வென்ற இரண்டாவது விடயம் அது. முதலாவதைவிடச் சீக்கிரம், மூன்று கிழமையில்.

கையெழுத்து வைத்த அன்றும் தேத்தண்ணி வந்தது. நான் என் கோப்பையை வாங்கி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து, வாசலோடு உள்ள யன்னல் கட்டில் கொண்டுபோய் வைத்தேன். யாராவது ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன்.

“என்ன மாஸ்டர், விரதமோ?” என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழும்பிப் போய், ஆடை படரமுதல், கோப்பையை எடுத்துக் குடித்தேன். என்ரை வீடு கிட்டத்தானே.